கன்னிப் பிறப்பைப் பற்றிய ஒரு கையேடு: வாங்கலாம், ஆனால் 17ஆம் பக்கத்தில் கவனம்

ஆலயப் புத்தகக் கடையில் 40 ரூபாய்க்கு வாங்கிய இக்கையேடு, கன்னியான மரியாளிடம் இயேசு பிறந்தார் என்னும் கன்னிப் பிறப்பை வெறும் அற்புதமாக நிறுத்திவிடாமல், மீட்பு மனித முயற்சியால் அன்றித் தேவனுடைய செயலால் தொடங்குகிறது என்பதன் அடையாளமாக விளக்குகிறது. ஏவாளின் கீழ்ப்படியாமை போட்ட முடிச்சை மரியாளின் கீழ்ப்படிதல் அவிழ்த்தது என்னும், 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆயர் இரேனியுவின் ஒப்புமைக்கு நான்கு பக்கங்கள் ஒதுக்கியிருப்பது நிறைவளிக்கிறது. ஏசாயா 7:14இல் ‘இளம்பெண்’ எனப் பொருள்படும் ‘அல்மா’ என்ற எபிரேயச் சொல், கிரேக்க மொழிபெயர்ப்பில் கன்னியைக் குறிக்கும் ‘பார்தெனோஸ்’ ஆனதையும், அதையே மத்தேயு 1:23 எடுத்தாள்வதையும் மறைக்காமல் சொல்கிறார்கள். ஆனால், மரியாள் தம் தாயின் வயிற்றில் பாவக்கறையின்றி உருவானதைக் குறிப்பதாக 1854இல் போப் ஒன்பதாம் பயஸ் அறிவித்த அமலோற்பவத்தை, 17ஆம் பக்கத்தில் இயேசுவின் பிறப்போடு குழப்பியிருப்பது பொறுக்க இயலாத பிழை. எழுத்தும் பொடி, மூக்குக் கண்ணாடி போட்டும் அடிக்குறிப்புகளைப் படிக்க முடியவில்லை.