1969 கமாரோ: அசல் எஞ்சினா, புது எஞ்சினா?

விற்பனைக்கு வந்திருக்கும் இரண்டு 1969 ஷெவ்ரலே கமாரோக்களை அருகருகே நிறுத்தினால், பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. சக்கர வளைவில் கிளம்பிப் பின்னோக்கி ஓடும் அதே மடிப்பு, அதே நீண்ட மூக்கு, அதே குட்டை வால். பானெட்டைத் தூக்கினால்தான் தெரியும். ஒன்றில், தொழிற்சாலையில் மாட்டிய 396 கன அங்குல வி8 அப்படியே இருக்கிறது. வண்டியின் எண்ணும் எஞ்சினில் குத்திய எண்ணும் பொருந்துவதால், அமெரிக்காவில் இதை ‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்பார்கள். மற்றதில் எல்எஸ்3 என்ற நவீன வி8 எஞ்சின், ஆறு கியர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஏசி. பழைய உடலுக்குள் புதுப் பாகங்கள் வைத்த இது ‘ரெஸ்டோமாட்’.

முதலில் ஓட்டத்தைப் பார்ப்போம். 396 அன்றைக்கு 325, 350, 375 குதிரைத்திறன் என்று விதவிதமாக வந்தது. எல்எஸ்3-க்கு 430. காகிதத்தில் பெரிய இடைவெளி இல்லை என்று தோன்றும், ஆனால் இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல. 1972க்கு முன்பு, ஏர் ஃபில்டர், சைலன்சர் போன்ற சுமை எதுவும் இல்லாமல் எஞ்சினைத் தனியே மேடையில் ஏற்றி அளந்த எண்ணைத்தான் விளம்பரத்தில் போட்டார்கள். 2008 ஷெவ்ரலே கார்வெட்டில் வந்த எல்எஸ்3-இன் 430, அந்தச் சுமைகளையெல்லாம் சேர்த்து அளந்தது. போதாததற்கு அது அலுமினியம். வார்ப்பிரும்பு 396-ஐவிட ஏறத்தாழ 100 கிலோ குறைவு. முன்பாரம் குறைந்தாலே வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும்.

இதற்காக அசல் வண்டியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கார்புரேட்டர் மூச்சிழுக்கும் சத்தமும், நின்றுகொண்டிருக்கும்போதே உடம்பு முழுக்க வரும் அந்த நடுக்கமும் வேறெதிலும் கிடைக்காது. ஆனால் லீஃப் ஸ்பிரிங்கும் பின்சக்கர டிரம் பிரேக்கும் இன்றைய நெடுஞ்சாலை வேகத்துக்கு ஏற்றவை அல்ல. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும்; அவற்றை மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

சரி, அசல் வண்டிக்கு ஏன் விலை அதிகம்? 1969 மாடலில் மட்டும் 2,43,085 கமாரோக்கள் தயாராயின. வண்டி அபூர்வம் இல்லை, எஞ்சின்தான் அபூர்வம். அதனால்தான் ஏமாற்று வேலையும் இங்கேதான் அதிகம். கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டில் இருக்கும் சேசிஸ் நம்பர் 124 என்று தொடங்கினால் வி8, 123 என்றால் ஆறு சிலிண்டர். சில எண்கள் தள்ளி வரும் எழுத்து ‘என்’ என்றால் ஒஹாயோவின் நார்வுட் ஆலை, ‘எல்’ கலிஃபோர்னியாவின் வான் நைஸ் ஆலை. எஸ்எஸ், அதாவது ‘சூப்பர் ஸ்போர்ட்’ என்ற வேக ரக வண்டியா என்று அந்த நம்பர் சொல்லவே சொல்லாது! சாதாரண வி8-இல் எஸ்எஸ் சின்னம் ஒட்டி விற்பது அதனால் சுலபமாகிவிட்டது. 1968 டிசம்பருக்குப் பிறகு நார்வுட்டில் செய்த வண்டி என்றால் ஒரு வழி உண்டு. எஞ்சின் அறையின் தகட்டில் எக்ஸ்22 அல்லது எக்ஸ்66 இருந்தால் அது 396 எஸ்எஸ். வான் நைஸ் வண்டிகளில் இந்தக் குறி கிடையாது. பழைய காகிதங்களை நம்பித்தான் ஆகவேண்டும். எஞ்சின் பிளாக்கின் முன்பக்கத் தளத்தில் குத்திய எண்ணையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தொழிற்சாலை இயந்திரம் விட்ட மெல்லிய இணைகோடுகள் அந்த இடத்தில் இருக்கவேண்டும். தேய்த்து வழவழப்பாக இருந்தால், யாரோ புதிதாக எண் குத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

ரெஸ்டோமாட்டில் இந்தக் கவலை இல்லை, வேறு கவலை உண்டு. கமாரோவின் முன்சட்டம் மட்டுமே தனி, போல்ட் போட்டு மாட்டியது. பின்பாதிக்கு உடலே சட்டம். அதில் 430 குதிரையைப் பூட்டினால் உடல் முறுக்கிக்கொள்ளும். முன்சட்டத்தையும் பின்பகுதியையும் இணைக்கும் கம்பிச்சட்டம் பற்றவைத்திருக்கிறார்களா என்று வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழே போய்ப் பாருங்கள். அடுத்தது பெட்ரோல் பம்ப். கார்புரேட்டருக்கு 6 பிஎஸ்ஐ அழுத்தம் போதும், எல்எஸ்3 கேட்பது 58. டாங்க்குக்குள் தடுப்பு வைத்து முறையாகச் செய்யாவிட்டால், டாங்க் பாதி காலியாக இருக்கும்போது வேகமாகத் திரும்பினால் எஞ்சின் திக்கும். வயரிங்தான் என்னைப் பொறுத்தவரை செய்தவரின் கையெழுத்து. பழைய வயரில் ஒட்டுப்போட்டு டேப் சுற்றியிருந்தால், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

துரு இரண்டுக்கும் பொது. பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு, டிக்கித் தரை, முன்கண்ணாடிக்கு அடியில் காற்று நுழையும் பகுதி. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறது.

என் தேர்வு ரெஸ்டோமாட். ஆனால் ஒரு நிபந்தனை: அது ஆறு சிலிண்டராகவோ, எஞ்சின் எப்போதோ தொலைந்துபோன சாதாரண வி8-ஆகவோ பிறந்திருக்கவேண்டும். அசல் எஞ்சினோடு தப்பிப் பிழைத்த ஒரு 396-ஐ வெட்டி, பின்சக்கரக் கூட்டை அகலமாக்கி, புது எஞ்சின் போட்டிருந்தால் எனக்கு அது வேண்டாம். ஐம்பது வருடம் ஒருவர் மாற்றி ஒருவர் காப்பாற்றி வந்ததை ஒரே வாரத்தில் அழித்திருக்கிறார்கள். முதலீடாக வாங்கி வருடத்துக்கு நாலு தடவை மட்டும் வெளியே எடுப்பவர் அசலையே வாங்கட்டும். மாற்றங்களுக்குக் கொட்டிய பணம் விற்கும்போது முழுசாகத் திரும்பி வருவது அரிது.

எதைப் பார்க்கப் போனாலும், எஞ்சினை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்கவேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் அரை நிமிடத்தில் விடும் புகையையும் போடும் சத்தத்தையும் நீங்களே பார்க்கவேண்டும்.