சரக்குக் கப்பல் வராத விண்வெளிக் குடியிருப்பில் எந்த ஆயுதம் சாத்தியம்?

பூமியிலிருந்து பொருள் வருவது நின்றுபோன செவ்வாய்க் குடியிருப்போ நிலாக் குடியிருப்போ தனக்கென ஆயுதம் செய்துகொள்ள நேர்ந்தால், எது அதிகச் சேதம் விளைவிக்கும் என்பதைவிட, இருக்கும் பட்டறையில் எதைச் செய்ய முடியும், அதற்காக எதை இழக்க நேரும் என்பதே முதற்கேள்வி.

பலரும் முதலில் நினைப்பது வெடிமருந்துத் துப்பாக்கியைத்தான். வெடிமருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால் வெற்றிடம் அதற்குத் தடையில்லை. சோவியத் ஒன்றியத்தின் சல்யூட்-3 நிலையத்தில் பொருத்தப்பட்டிருந்த பீரங்கி 1975 ஜனவரியில் சுற்றுப்பாதையிலேயே சுடப்பட்டது. சிக்கல் மூலப்பொருளில் இருக்கிறது. வழக்கமான வெடிமருந்துகளுக்கு நைட்ரஜன் வேண்டும். நிலா மண்ணில் அது மிகமிகக் குறைவு. செவ்வாயின் மெல்லிய காற்றில் ஏறக்குறைய 3 சதவீதம் உண்டென்றாலும், பயிருக்கும் சுவாசக் காற்றுக்கும் அதுவே தேவை. நாசாவின் ஃபீனிக்ஸ் கலம் 2008இல் செவ்வாய் மண்ணில், வெடிபொருளுக்கு ஆக்சிஜன் தரக்கூடிய பெர்குளோரேட் உப்புகளைக் கண்டறிந்தது உண்மைதான். ஆனால் மூடிய கூரைக்குள், எல்லோரும் ஒரே காற்றைச் சுவாசிக்கும் இடத்தில், வெடிபொருள் வேதியியலில் இறங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அழுத்த வாயுத் துப்பாக்கி இதைவிட மிகப் பொருத்தமானது. அமுக்கி, உருளை, வால்வு, குழாய் ஆகியவை உயிர்காப்புக் கருவிகளுக்காக ஏற்கெனவே இருக்கும். செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு என்பதால் வாயுவுக்கும் பஞ்சமில்லை. 1780 வாக்கில் ஆஸ்திரியப் படை ஏற்றுக்கொண்ட ஜிரார்டோனி காற்றுத் துப்பாக்கி, இது வெறும் விளையாட்டுப் பொருள் அல்ல என்பதற்குச் சான்று. அந்தத் துப்பாக்கிக்கும் தொல்லை தந்தது அழுத்தக் காற்றை அடைத்துவைக்கும் கலம்தான். செவ்வாயின் குளிரில் ரப்பர் அடைப்பான்கள் இறுகிக் கசிவதும் அதே வகைத் தொல்லையாகவே இருக்கும். நிலாவிலோ வெளியேறும் வாயு ஒவ்வொரு முறையும் நிரந்தர இழப்பு.

அங்கே குறுக்குவில் முந்துகிறது. எஃகுப் பட்டையும் விசையும் போதும். நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில், 45 பாகைச் சாய்வில் எய்த அம்பு, காற்றுத்தடை இல்லாத நிலாவில் 2 கிலோமீட்டருக்கு மேல் செல்லும். ஆனால் அம்பை நேர்ப்படுத்தும் வால் இறகு காற்றை நம்பியே வேலை செய்கிறது. காற்றில்லாத இடத்தில் அம்பு குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே போய் எந்தப் பக்கத்தாலும் இலக்கில் படலாம். எனவே நிலாவில் எய்வதற்கு உருண்டையே ஏற்றது.

லேசர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தரமான ஒளியியல் பாகங்களும் வெப்பத்தை வெளியேற்றும் பரப்பும் சிறு பட்டறைக்கு எட்டாதவை. மின்காந்தத் துப்பாக்கிக்கான கம்பிச்சுருளைச் சுற்றிவிடலாம். வலுவான மின்தேக்கிகளைச் செய்வதுதான் கடினம்.

இருந்தும், அமெரிக்க இயற்பியலாளர் ஜெரார்ட் ஓ'நீல் 1970களில் பரிந்துரைத்ததைப் போல, நிலாக் கனிமத்தை மின்காந்தத்தால் விண்ணுக்கு எறியும் நீண்ட பாதை ஒன்று ஏற்கெனவே இருந்தால் கணக்கே மாறும். நிலாவின் ஈர்ப்பிலிருந்து தப்பத் தேவையான விடுபடு வேகமான நொடிக்கு 2.4 கிலோமீட்டரில் செல்லும் ஒரு கிலோ கல், அதே எடையுள்ள டிஎன்டி வெடிபொருளின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கைச் சுமக்கிறது. ஆனால் தரையோடு பதிந்த அந்தப் பாதையைத் திருப்ப முடியாது. அது நோக்கும் திசையில் வராத எதிரியை அது ஒன்றும் செய்யாது.

ஆகவே செவ்வாயின் திறந்தவெளிக்கு வாயுத் துப்பாக்கியும், நிலாவின் திறந்தவெளிக்கு உருண்டை எய்யும் வில்லும் என் தேர்வு. குடியிருப்புக்குள் இரண்டும் வேண்டாம். அங்கே சுவரைத் துளைக்காத தடியே போதும்.