அண்டார்டிகப் பாறையின் வயது: பெரிலியம்-10ஆ, கார்பன்-14ஆ?

அண்டார்டிகாவின் ஷ்மிட் குன்றுகளில் எடுத்த பாறைகளுக்குப் பெரிலியம்-10 முறையில் வயது, அதாவது பனி விலகி அவை வெளிப்பட்டதிலிருந்து கடந்த காலம், மிக அதிகமாக வந்தது. கடைசிப் பனியுகத்தில் பனி அங்கே ஏறவே இல்லையோ என்று எண்ணவைத்த வயது அது. அந்தப் பாறைகளுக்குள் உருவான கார்பன்-14ஐ அளந்த பிறகுதான், அப்போது அங்கே பனி இன்றைவிடச் சில நூறு மீட்டர் தடித்திருந்தது தெரிந்தது. கடல்மட்டம் உயர்ந்ததில் அண்டார்டிகாவின் பங்கு எவ்வளவு என்ற கணக்கையே மாற்றும் வேறுபாடு இது.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. பனி விலகியதும் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர், பாறையிலுள்ள குவார்ட்ஸ் கனிமத்தைத் தாக்குகிறது. புது அணுக்கள் சேர்கின்றன. துருவப் பகுதியில், கடல்மட்ட உயரத்தில், ஒரு கிராம் குவார்ட்ஸில் ஆண்டுக்குச் சுமார் 4 பெரிலியம்-10 அணுக்கள். கார்பன்-14 ஏறக்குறைய 12.

சிக்கல் பனியின் அடியில்தான். தரையோடு உறைந்து ஒட்டிய பனி பாறையைச் சுரண்டாது. பெரிலியம்-10இன் அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுகள் என்பதால், முந்தைய வெளிப்பாட்டில் சேர்ந்த அணுக்கள் அப்படியே தங்கிவிடும். கார்பன்-14க்கோ 5,730 ஆண்டுகள்தான். பனி 30,000 ஆண்டுகள் மூடிக்கிடந்தால் பழைய சேமிப்பு கிட்டத்தட்டத் துடைத்துப் போய்விடும்.

ஆனால் கார்பன்-14 வேலை நுணுக்கமானது. சில கிராம் தூய குவார்ட்ஸை லித்தியம் சேர்மத்தோடு 1,100 டிகிரி செல்சியஸில் ஆக்சிஜனில் உருக்கி, வெளிவரும் கார்பன் டைஆக்சைடைப் பிடிக்க வேண்டும். குவார்ட்ஸைப் பிரிக்க நுரை மிதப்பு முறையைத் தொட்டால், அதில் சேர்க்கும் அமீன் என்ற கரிமச் சேர்மத்தின் வழியே இன்றைய கார்பன் ஒட்டிக்கொண்டு அளவைக் கெடுக்கும். பெரிலியத்தில் இந்தக் கவலை இல்லை. 250 முதல் 500 மைக்ரான் வரை பொடித்து, நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் பலமுறை அரித்தால், காற்றிலிருந்து வந்து ஒட்டிய பெரிலியம் போய்விடும். போரான்-10 மட்டும், ஏறக்குறைய அதே நிறை கொண்டது என்பதால், அளக்கும்போது பெரிலியம்-10 போலத் தெரிந்து குறுக்கிடும்.

கடற்கரை மேடுகளில் கிடைக்கும் சிப்பி, பென்குயின் எலும்புக்கு உயிர்ப்பொருளில் எஞ்சிய கார்பன்-14ஐ அளக்கும் வழக்கமான ரேடியோகார்பன் முறை போதும். அங்கே கடல்நீரின் பழைய கார்பனுக்காக 1,000 ஆண்டுகளுக்கு மேல் கழிக்க மறக்கக் கூடாது.

பனி சுமந்து வந்து இறக்கிய, நிலையாக அமர்ந்திருக்கும் கல்லா? முதலில் பெரிலியம்-10. மேல் சில சென்டிமீட்டரை மட்டும் வெட்டி, சுற்றியுள்ள மலைகள் வானத்தை எவ்வளவு மறைக்கின்றன என்று கோணம் அளந்து குறியுங்கள். ஒரே மேட்டில் வயதுகள் சிதறினாலோ, நிலைப்பாறையிலேயே (இடம்பெயராமல் தரையோடு ஒன்றிய பாறை) மாதிரி எடுத்தாலோ, கார்பன்-14ஐத் தவிர்க்காதீர்கள். அது உச்ச அளவை, அதாவது சேர்வதும் சிதைவதும் சமமாகும் நிலையை, எட்டியிருந்தால், அந்த இடத்தைக் கடந்த 30,000 ஆண்டுகளில் பனி நெடுங்காலம் மூடவில்லை.