கான்டெஸா கிளாசிக்: வேலூர் வெயிலில் ஒரு நீண்ட பழக்கம்

பழைய கான்டெஸா கார் வைத்திருப்பவரிடம் எல்லோரும் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான். வழியில் நின்றுவிடாதா, பாகம் கிடைக்கிறதா என்பார்கள். எஞ்சின் நிற்பதில்லை, அதற்கான பாகங்களும் கிடைக்கின்றன. இந்த வண்டியில் நம் நேரத்தையும் பணத்தையும் வாங்கிக்கொள்பவை தகரம், ரப்பர், கண்ணாடி, இருக்கை ஆகிய நான்கும்தான். வேலூரின் வெயிலும் தண்ணீரும் இவற்றை என்ன செய்கின்றன என்பதைத்தான் நான் இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன்.

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை தயாரித்த கார் இது. உடலின் வடிவம் எழுபதுகளில் இங்கிலாந்தில் விற்ற வாக்ஸ்ஹால் காரிலிருந்து வந்தது. முதலில் அம்பாசடரின் 1.5 லிட்டர் எஞ்சினையே பொருத்தினார்கள். இவ்வளவு பெரிய உடலுக்கு அதன் சக்தி குறைவு. ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியரும் சேர்ந்து ‘கிளாசிக்’ என்று வந்தபோதுதான் உடலுக்கேற்ற உயிர் கிடைத்தது. என்னிடம் இருப்பது அந்த வண்டிதான். ராணிப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்த என் பெரியப்பா தொண்ணூறுகளின் நடுவில் புதிதாக வாங்கினார். அவருக்குப் பிறகு என்னிடம் வந்தது.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இதே இசுசு எஞ்சின் பின்னர் அம்பாசடரிலும் வந்தது, அம்பாசடரோ 2014 வரை தயாரிக்கப்பட்டது. ஆகவே கேஸ்கெட், வாட்டர் பம்ப், பிஸ்டன் ரிங் என்று எது தேவைப்பட்டாலும் சென்னை ஜி.பி. சாலையிலோ புதுப்பேட்டையிலோ தேடினால் கிடைத்துவிடுகிறது. கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத வண்டி. தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும் தெரிந்த மெக்கானிக் ஒருவர் போதும். அப்படிப்பட்டவர்கள் சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்கள் ஸ்கேனர் பிடித்துப் பழகியவர்கள். கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் பாயும் சிறு துளையான ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்யும் கை அடுத்த தலைமுறையில் இருக்குமா என்பது எனக்கு உண்மையான கவலை.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது வழக்கமான பிறகு கவனிக்க வேண்டியவை கூடிவிட்டன. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயை ஊறவைத்து இளக்கும், டேங்கின் அடியில் பல காலமாகப் படிந்திருந்த கசடையும் கிளப்பிவிடும். அந்தக் கசடு போய் ஜெட்டில் அடைத்துக்கொள்கிறது. டேங்கை இறக்கிக் கழுவி, குழாய்களையும் பம்ப்பின் உள்சவ்வான டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிய பிறகு தொல்லை ஓய்ந்தது. கார்புரேட்டரின் கலவையையும் சற்றுக் கெட்டியாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, திருப்பி வைக்க வேண்டியிருந்தது. கத்திரி வெயிலில் வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசலில் சிக்கினால், எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வண்டி இருமும். குழாயை எஞ்சினிலிருந்து சற்று விலக்கி, வெப்பம் தடுக்கும் உறை போட்டால் அது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

அடுத்தது ரேடியேட்டர். பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோல் பதனிடும் கழிவால் நீர் கெட்டது குறித்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், 1996இல் தீர்ப்பு வந்த பகுதி இது. அந்த உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் குழாய்களுக்குள் சுண்ணாம்பு கட்டி, நீரோட்டம் குறைந்து, சூடு ஏறும். காய்ச்சி வடித்த தண்ணீரில் கூலன்ட் கலந்துதான் ஊற்ற வேண்டும். டிக்கியில் ஒரு கேன் எப்போதும் இருக்கட்டும். பெட்ரோல் பங்கில் யாராவது குடத்தோடு அன்பாக வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த வண்டியின் நல்ல குணம், ரேடியேட்டர் பழைய காலத்துச் செம்பு, பித்தளை வகை. அடைத்துக்கொண்டால் தொட்டியைப் பிரித்து, கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, மறுபடியும் பற்றவைத்துவிடலாம். இப்போதைய கார்களின் பிளாஸ்டிக் தொட்டி வைத்த ரேடியேட்டரில் அது நடக்காது.

ஏ.சி. விஷயத்தில் ஒரு மாற்றம் கட்டாயம் தேவைப்பட்டது. வண்டி வந்தபோது ஏ.சி.யில் இருந்தது ஆர்-12 என்ற குளிரூட்டும் வாயு. ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்பாட்டின்படி அது வழக்கொழிந்துவிட்டது. ஆர்-134ஏ வாயுவுக்கு மாற வேண்டும். வெறுமனே பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நிரப்புகிற கடைக்குப் போகாதீர்கள். கம்ப்ரசர் ஆயிலை மாற்றி, ஈரம் உறிஞ்சும் டிரையரையும் இணைப்புகளின் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளையும் புதிதாகப் போட்டால்தான் நிலைக்கும். வாயுவின் சூட்டை வெளியே விடும் பழைய கண்டன்சரின் அளவு புதிய வாயுவுக்குச் சற்றுக் குறைவு என்பதால் முன்னால் ஒரு மின்விசிறியும் வைத்தோம். மே மாத நண்பகலில் நிற்கும்போது குளிர்ச்சி சுமார்தான். ஓடும்போது குறையில்லை.

இருக்கைகளின் கதை எனக்குப் பிடித்தமானது, எங்கள் மண்ணோடு ஒட்டியது. பழைய உறை வெடித்து, பஞ்சு பொடியாகிவிட்டது. தோல் ஊரில் இருந்துகொண்டு ரெக்சின் போடுவதா என்று ஆம்பூரில் இருக்கை உறை வேலை செய்யும் ஒரு பாயிடம் போனேன். நான் கேட்டது ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல். பெரியப்பாவின் வியாபாரமே அதுதான், அந்த வாசனை எனக்குச் சிறுவயதிலிருந்து பழக்கம். பாய் தலையை ஆட்டி மறுத்தார்.

“தம்பி, பட்டைத் தோல் பைக்கும் பெல்ட்டுக்கும் அழகு. கண்ணாடி மூடி வெயிலில் நிற்கிற காருக்குள் அது சுருங்கி இறுகிப்போகும். குரோம் தோல் வாங்கி வாருங்கள், மேலே பூச்சுப் போட்டதாக இருக்கட்டும்.”

அவர் சொன்னது முற்றிலும் சரி. மரப்பட்டையில் பதனிட்ட தோலைவிடக் குரோம் உப்பில் பதனிட்ட தோல் அதிகச் சூடு தாங்கும். அதனால்தான் கார் இருக்கைகளுக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். செருப்பின் மேல்தோலும் ஆகாது, சோபாவுக்கு வெட்டுகிற பெரிய மாட்டுத்தோல்தான் வேண்டும் என்று வாணியம்பாடியில் ஆளைக் காட்டிவிட்டார். தையல் அவருடைய மகன். பழைய இருக்கையின் மடிப்புகளைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அளவாக வைத்து வெட்டினான். ஸ்பிரிங்குகளுக்கு அடியில் புதிய சாக்குத் துணி, மேலே கெட்டியான ஃபோம். நாற்பதாயிரத்துக்கு மேல் ஆனது. பெருநகரத்தில் இந்த வேலைக்கு இன்னும் அதிகம் கேட்டிருப்பார்கள், இத்தனை அக்கறையும் கிடைத்திருக்காது. இன்றுவரை ஒரு தையல்கூட விடவில்லை.

தகரம் வேறு ரகம். பாட்டரி தட்டு, பின்சக்கர வளைவு, டிக்கியின் தரை, கதவின் அடி மடிப்பு, முன் கண்ணாடிக்குக் கீழே பீடிங் என்ற ரப்பர் பட்டை ஓடும் இடம் ஆகிய ஐந்திலும்தான் துரு தொடங்குகிறது. கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. நம் ஊர்ப் புழுதி அவற்றை அடைத்துவிடும். மழைக்காலத்துக்கு முன் ஒரு கம்பியால் குத்திவிட்டாலே பாதித் துரு வராது. வந்துவிட்டால் பட்டி என்ற பசையைப் பூசி மறைக்கக் கூடாது. பட்டிக்குப் பின்னால் ஈரம் தங்கி, அடுத்த வருடம் கைவிரல் நுழையும் ஓட்டையாகத் திரும்பி வரும். துருப்பிடித்த தகரத்தை நல்ல பகுதி வரை வெட்டியெறிந்து புதிய தகடு வைக்க வேண்டும். கேஸ் வெல்டிங்கின் சூட்டில் மெல்லிய தகடு நெளிந்துவிடும், கார்பன் டை ஆக்சைடு வாயு சூழ மின்சாரத்தில் பற்றவைக்கும் சிஓடூ வெல்டிங்தான் ஏற்றது. தகர வேலை செய்யும் எங்கள் டிங்கர் அண்ணன் ஒரே இடத்தில் தொடர்ந்து ஓட்டாமல் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளியாக வைத்து, இடையில் ஆறவிடுவார். அவசரப்படுத்தினால் வேலையையே நிறுத்திவிடுவார். அந்தப் பிடிவாதத்துக்காகவே நான் அவரை விட்டு வேறு இடம் போவதில்லை.

கண்ணாடிக்குத்தான் மாற்று அரிது. முன் கண்ணாடி வளைந்தது, அச்சு இல்லாமல் புதிதாகச் செய்ய முடியாது. சென்னை, பெங்களூரு நெடுஞ்சாலையில் ஜல்லி லாரியைக் கண்டால் நான் பின்னால் போகாமல் ஒதுங்கிவிடுவேன். பின் விளக்கின் கண்ணாடிகளும் குரோம் பட்டைகளும் யார் வீட்டுக் கொல்லையிலாவது பழைய வண்டி கிடந்தால்தான் கிடைக்கும். கிடைக்கும்போது தேவை இல்லாவிட்டாலும் வாங்கி வைக்கிறேன்.

இத்தனைக்கும் ஈடு நெடுஞ்சாலையில் கிடைக்கிறது. ஐந்தாவது கியரில் வாலாஜா தாண்டிச் சீராகப் போகும்போது, பின்னிருக்கையில் அம்மா காலை நீட்டி உறங்கிவிடுகிறார். நீண்ட சக்கர இடைவெளியும் மெத்தென்ற சுருள்வில்லும் சாலையின் மேடுபள்ளத்தை உள்ளே விடுவதில்லை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பின்சக்கரம் தள்ளுகிற வண்டிக்கே உரிய உறுதி தெரியும். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே விடுங்கள், பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். வேலூரின் கடைத்தெருவான லாங் பஜாருக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். நான்கரை மீட்டருக்கு மேல் நீளம், திருப்ப இடம் வேண்டும். ஊருக்குள் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர், வெளியே பதினொன்று வரை கொடுக்கிறது.

காகித வேலையையும் சொல்ல வேண்டும். 15 ஆண்டு முடிந்த சொந்தக் காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது, 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025இல் இன்னும் கூடியது. பசுமை வரி தனி. 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்குத்தான் தொன்மை வாகனப் பதிவு. முதல் கான்டெஸாவே 2034இல்தான் அந்த வயதை எட்டும். பதிவைப் புதுப்பிக்கும் சோதனைக்குக் கொண்டுபோகும் முன் விளக்கு, ஹாரன், வைப்பர், கைபிரேக், புகை ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டால் அங்கே தாமதம் இல்லை.

ஐப்பசி மழைக்கு முன் நான்கு கதவுகளின் ரப்பர் பீடிங்கையும் மாற்ற வேண்டும். அச்சு அசலான பீடிங் எங்கும் இல்லை. மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற கடைகளில் ஒத்துவருகிற பருமன் ஒன்றைப் பின் கதவில் போட்டுப் பார்த்தோம். கதவு சற்று அழுத்திச் சாத்த வேண்டியிருக்கிறது, ஆனால் குழாயைத் திறந்து தண்ணீர் அடித்தபோது உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. மற்ற மூன்றுக்கும் அதையே வாங்கப்போகிறேன்.