சர்க்கரை மண்டையோட்டு அச்சு: எதை வாங்கலாம், எதை விடலாம்

மெக்சிகோக்காரர்கள் படையலில் வைக்கும் சர்க்கரை மண்டையோட்டை வீட்டில் செய்ய ஒரு செட் வருகிறது. கெட்டி பிளாஸ்டிக் அச்சில் முகத்துக்கு ஒரு குழி, பின்மண்டைக்கு ஒரு குழி. சின்ன மண்டையோடுகளுக்கு ஆறு குழி சிலிக்கான் தட்டு. கூடவே சர்க்கரையைப் பிடிக்கவைக்கும் மெரிங்கு பவுடர் (முட்டை வெள்ளைப் பொடி) 50 கிராம் பாக்கெட், ஒரு செய்முறைச் சீட்டு. ஆன்லைனில் இப்படி வருகிற செட்டில் காசுக்குத் தகுந்தது பிளாஸ்டிக் அச்சு ஒன்றுதான். அதுவும் சீட்டில் உள்ளபடியே செய்தால் சென்னையில் மண்டையோடு வராது, ஈரச் சர்க்கரைக் குவியல்தான் வரும்.

மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களுக்குப் படையல் வைக்கிறார்கள். முதல் நாள் குழந்தைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. நம் ஊரில் கல்லறைத் திருநாளன்று கீழ்ப்பாக்கம் கல்லறையில் பூவும் மெழுகுவத்தியும் வைக்கிறார்களே, அதே நவம்பர் 2. அங்கே படையலில் செண்டுமல்லி, ரொட்டி இவற்றோடு நெற்றியில் பெயர் எழுதிய சர்க்கரை மண்டையோடும் இருக்கும். (செண்டுமல்லியே மெக்சிகோ பக்கத்துச் செடி. கோயம்பேட்டில் மூட்டையாகக் குவிவதைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.)

சீட்டின் கணக்கு: ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு டீஸ்பூன் மெரிங்கு பவுடர், ஒரு டீஸ்பூன் தண்ணீர். விகிதத்தில் தப்பில்லை. எந்தச் சர்க்கரை என்று சொல்லாததுதான் கோளாறு. நம் மளிகைக் கடைச் சர்க்கரை பெரும்பாலும் பருமணி. மணிக்கு மணி இடைவெளி விழுவதால் அழுத்தினாலும் பிடிக்காது. அச்சைக் கவிழ்த்ததும் மூக்கும் பல்வரிசையும் முதலில் உதிரும். எஸ்-30 என்ற சிறுமணி ரகம் கிடைத்தால் அதை வாங்குங்கள். இல்லாவிட்டால் மிக்ஸியில் பல்ஸில் இரண்டே சுற்று. மூன்றாவது சுற்று ஓட்டினால் மாவாகிவிடும். மாவு தண்ணீரைக் குடித்துக் களியாகி அச்சில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு கிலோ என்பது 5 கப். பெரிய மண்டையோடு இரண்டு வரும். பவுடர் 5 டீஸ்பூன். தண்ணீரை மட்டும் 4 டீஸ்பூனில் ஆரம்பித்து, கையால் பிசறிப் பார்த்துவிட்டு ஐந்தாவதைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மெரினாவில் அலை தொட்டுப் போன மணல்தான் பதம். பிடித்தால் விரல் தடம் நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. குழியில் திணித்து உள்ளங்கையால் நன்றாக அழுத்தி, மேலே அட்டையை வைத்து ஒரே மூச்சில் கவிழ்க்க வேண்டும். தயங்கினால் விரிசல் விழும். ஐந்தாறு பதிவுக்கு ஒருமுறை அச்சைக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள்.

பிளாஸ்டிக் அச்சு இங்கே மார்க் வாங்குகிறது. கெட்டியாக இருப்பதால் வளையாது, சர்க்கரை முழுசாக விழும். சிலிக்கானைப் பிதுக்கித்தான் எடுக்க வேண்டும். பிதுக்கினால் ஈரச் சர்க்கரை பிளக்கும். அந்தத் தட்டு சாக்லேட்டுக்கு நன்றாக உழைக்கும், இதற்கு வேண்டாம்.

எல்லாரும் தோற்பது காய வைப்பதில். சீட்டில் ‘ஓர் இரவு வெளியே வையுங்கள்’ என்று இருக்கிறது. அது வறண்ட ஊருக்குச் சரி. இங்கே அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்திருக்கும். சர்க்கரை காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கும். மறுநாள் தொட்டால் பிசுபிசுக்கும். செப்டம்பரிலோ அக்டோபர் முதல் வாரத்திலோ செய்து வைத்துவிடுவது நல்லது. மொட்டைமாடி வெயிலில் வடகம் மாதிரி காய வைக்கலாம், ஆனால் மதியம் கடற்காற்று திரும்புவதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். மழை நாளில் ஏசி அறையில் ‘டிரை’ மோடு. அல்லது அச்சிலிருந்து எடுத்து, ஓடிஜி என்ற சின்ன மின் அவனில் 90 டிகிரி செல்சியஸில் அரை மணி. அச்சோடு உள்ளே வைத்தால் பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும்.

எட்டு மணி நேரம் கழித்து, மேல்தோல் இறுகி உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும்போது, தட்டையான பக்கத்திலிருந்து ஸ்பூனால் குடையுங்கள். ஓரத்தில் அரை அங்குலம் கனம் விட்டால் போதும். குடையாவிட்டால் நடுப்பகுதி நாள்கணக்கில் காயாது. இரண்டு பாதியையும் ஒட்டிய பிறகு அந்த ஈரம் ஒட்டிய இடத்தையே பெயர்க்கும். எடுத்த சர்க்கரையை அடுத்த பதிவுக்குப் போடலாம்.

ஒட்டவும் அலங்கரிக்கவும் ராயல் ஐசிங், அதாவது காய்ந்தால் இறுகும் சர்க்கரைப் பூச்சு. ஐசிங் சர்க்கரை 450 கிராம், மெரிங்கு பவுடர் கால் கப், தண்ணீர் 80 மில்லி. பீட்டரில் ஒன்பது நிமிடம் அடித்தால் முனை நிற்கும். செட்டில் வரும் 50 கிராம் பவுடர் மண்டைக்கும் ஐசிங்குக்கும் சேர்த்துப் பற்றாது. பாரிமுனைப் பக்கம் பேக்கிங் சாமான் கடைகளில் தனியாக இன்னொரு பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். துளி எண்ணெய் போதும், ஐசிங் எழும்பாது. நிறத்துக்கு ஜெல் கலர் மட்டும். நீர்க் கலர் ஊற்றினால் இழுத்த கோடு வழியும். பளபள காகிதமும் ஜிகினாவும் ஒட்டியவை படையலுக்குத்தான், வாயில் போட அல்ல. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மெரிங்கு பவுடர் முட்டை வெள்ளையில் செய்வது. சைவ வீட்டுக்கு இந்தச் செட் ஆகாது. மெக்சிகோவில் பழைய முறை, காய்ச்சிய பாகைக் களிமண் அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவது. கன்னடக்காரர்கள் சங்கராந்திக்கு மர அச்சில் வார்க்கும் சக்கரை அச்சும் பாகு வார்ப்புதான். சைவமாகச் செய்ய நினைத்தால் அப்படி ஒரு மர அச்சைத் தேடுங்கள். கொதிக்கும் பாகை இந்த பிளாஸ்டிக் அச்சில் ஊற்றிவிடாதீர்கள், உருகிவிடும்.

அச்சு தனியாகக் கிடைத்தால் முழுச் செட்டை விட்டுவிடுங்கள். மிச்சப் பணத்தில் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் வாங்கலாம். முடித்த மண்டையோட்டைத் திறந்த அலமாரியில் வைத்தால் ஈரத்துக்கு முன்னால் எறும்பு வந்துவிடும்.