டிசையர், அமேஸ், விர்ட்டஸ்: கிளட்ச் மிதி இல்லாத மூன்று செடான்கள்

நான்கு மீட்டருக்குள் அடங்கும் செடான் என்பது இந்திய வரிக் கணக்கு பெற்றெடுத்த வாகனம். 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் சிறிய என்ஜினும் கொண்ட கார்களுக்குக் கலால் வரி குறைக்கப்பட்டது. டிக்கியை எவ்வளவு வெட்டினால் அந்த வரம்புக்குள் நுழையலாம் என்பது அதன் பிறகு தயாரிப்பாளர்களின் முதல் கவலையாயிற்று. 2008இல் நான்கு மீட்டரைத் தாண்டிய நீளத்தில் வந்த ஸ்விஃப்ட் டிசையர், 2012இல் பின்புறம் குறுகி மறுபிறவி எடுத்ததற்கு இதுவே காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்திலும் இந்த வரம்பு அப்படியே நீடிக்கிறது. 1,200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் என்ஜினும் நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் இருந்தால் 18 சதவீதம். இரண்டில் ஒன்று மீறினாலும் 40 சதவீதம். ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸின் சிறிய என்ஜின் 999 சிசிதான். ஹோண்டா அமேஸின் 1,199 சிசி என்ஜினைவிட அது சிறியது. ஆனாலும் காரின் நீளம் 4,561 மில்லிமீட்டர் என்பதால் அமேஸுக்கு உள்ளதைப் போல் இரு மடங்குக்கும் மேலான வரி விகிதத்தைச் சுமக்கிறது.

இந்த வரி வேறுபாட்டுக்கு இணையான வேறுபாடு ஓட்டும்போது தெரிகிறதா என்பதே இந்த அலசலின் கேள்வி. மாருதி டிசையரின் ஏஎம்டி, ஹோண்டா அமேஸின் சிவிடி, விர்ட்டஸ் 1.0 டிஎஸ்ஐயின் (அந்த 999 சிசி என்ஜின் கொண்ட வகை) ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆகிய மூன்றையும் இதற்காக எடுத்துக்கொள்கிறேன். மூன்றிலும் இடது காலுக்கு வேலை இல்லை. விலைப் பட்டியலில் மூன்றுமே 'ஆட்டோமேட்டிக்' என்ற வரிசையில்தான் இடம்பெறுகின்றன. ஆனால் இந்த மூன்று கியர்பாக்ஸ்களும் இயங்கும் விதம் அடிப்படையிலேயே வேறு. கார் எப்படி ஓடுகிறது என்பதை என்ஜினோ, சேஸிஸோ, கம்பெனிப் பெயரோ தீர்மானிப்பதைவிட அதிகமாக இந்த வேறுபாடு தீர்மானிக்கிறது என்பது என் முடிவு.

டிசையரின் ஏஎம்டி உண்மையில் ஒரு மேனுவல் கியர்பாக்ஸ். அதே ஐந்து கியர்கள், அதே கிளட்ச் பிளேட். கிளட்சை அழுத்துவதையும் கியரை மாற்றுவதையும் மட்டும் கால், கைக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற இயக்கும் கருவி செய்கிறது. ஆகவே ஒவ்வொரு கியர் மாற்றத்தின்போதும் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான தொடர்பு ஒரு கணம் அறுகிறது. அந்தக் கணத்தில், டவுன் பஸ்ஸில் ஓட்டுநர் கியர் மாற்றும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் ஒருமுறை முன்னே சாய்ந்து நிமிர்வதைப் போல, காரில் இருப்பவர்களின் தலை லேசாக ஆடுகிறது. அமேஸின் சிவிடியில் கியர் என்ற படிகளே கிடையாது. விட்டம் மாறக்கூடிய இரண்டு புல்லிகளுக்கு இடையே ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. விகிதம் வழுக்கிக்கொண்டே மாறுவதால் தொடர்பு அறுவதில்லை. விர்ட்டஸில் கிளட்ச் பிளேட்டுக்குப் பதிலாக எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. பல பத்தாண்டுகளாகச் சொகுசுக் கார்களில் இருந்து வரும் அமைப்பு இது.

என்ஜின்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2024 நவம்பரில் வந்த நான்காம் தலைமுறை டிசையர், பழைய நான்கு சிலிண்டர் என்ஜினைக் கைவிட்டு மூன்று சிலிண்டர் கொண்ட இசட்12இ என்ஜினுக்கு மாறியது; 82 பிஎஸ் குதிரைத்திறன், 112 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் இழுவிசை). அடுத்த மாதமே வந்த மூன்றாம் தலைமுறை அமேஸ், பழைய நான்கு சிலிண்டர் ஐவிடெக் என்ஜினையே வைத்துக்கொண்டது. 90 பிஎஸ், 110 நியூட்டன் மீட்டர். விர்ட்டஸிலும் மூன்று சிலிண்டர்தான், ஆனால் என்ஜினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போவுடன் 115 பிஎஸ், 178 நியூட்டன் மீட்டர். அந்த 178 முழுமையாக நிமிடத்துக்கு 1,750 சுழற்சியிலேயே (ஆர்பிஎம்) கிடைத்துவிடுகிறது என்பதும், அமேஸின் 110ஐ எட்ட 4,800 வரை என்ஜினை ஏற்ற வேண்டும் என்பதும் சாலையில் எண்களைவிடத் தெளிவாகப் புலப்படும்.

முதலில் நகரம். காலை ஒன்பது மணிக்குக் குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் இடையே சென்னையின் ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் ஊர்ந்து செல்லும்போது, டிசையர் ஏஎம்டி நாம் நினைப்பதைவிட நன்றாகவே நடந்துகொள்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக மெல்ல நகர்கிறது. ஸ்டியரிங் எடையற்றதாக இருப்பதாலும், புதிய என்ஜின் குறைந்த ஆர்பிஎம்மில் பழையதைவிடச் சுறுசுறுப்பாக இழுப்பதாலும், ஆட்டோக்களுக்கு இடையே புகுந்து செல்வது எளிதாக இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. யூ டர்ன் எடுக்கக் காத்திருந்து, எதிர்வரிசையில் ஒரு சிறிய இடைவெளி கிடைத்ததும் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், காருக்கு ஒரு யோசனை நேரம் தேவைப்படுகிறது. எதிரே வரும் தண்ணீர் லாரிக்கு அந்த யோசனை இல்லை. பழகிய ஓட்டுநர் இதற்கு இரண்டு வழிகளைக் கைக்கொள்கிறார். ஒன்று, கியர் மாறப்போகும் கணத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்றுத் தளர்த்துவது. தலையாட்டம் பெரும்பாலும் மறைந்துவிடும். மற்றொன்று, மேனுவல் முறைக்குத் தள்ளி இரண்டாம் கியரைத் தாமே பிடித்து வைத்துக்கொள்வது. இரண்டுமே பலன் தருகின்றன. ஆனால் ஆட்டோமேட்டிக்குக்குக் கூடுதல் பணம் கொடுத்தவர் காருக்கு ஏற்ப இப்படித் தம்மை மாற்றிக்கொள்ள வேண்டியிருப்பது எனக்கு ஒப்பவில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தள வாகன நிறுத்தம்தான் ஏஎம்டிக்கு உண்மையான தேர்வுக்கூடம். செங்குத்தான சரிவில் முன்னே ஒரு கார் நின்றுவிட்டால், ஹில் ஹோல்ட் வசதி சில நொடிகளுக்குக் காரைப் பிடித்து வைக்கும். அது விட்ட பிறகு பலரும் செய்வது, ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியபடியே காரை அந்தரத்தில் நிறுத்தி வைப்பது. சாதாரண கிளட்ச் பிளேட் தேய்ந்துகொண்டிருக்கிறது என்பது அப்போது ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் கிளட்ச் மிதியே கண்ணில் படுவதில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டு காத்திருப்பதே சரியான முறை. அதே சரிவில் அமேஸ் சிவிடி எந்தப் பதற்றமும் இல்லாமல் ஏறுகிறது. ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாகத் தூண்களுக்கு இடையே நுழைக்கும்போது அதன் மென்மை இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. சிக்னலில் நிற்கும்போதும் நான்கு சிலிண்டரின் அமைதி கை கொடுக்கிறது. டிசையரில் ஏசி கம்ப்ரஸர் இயங்கத் தொடங்கும்போது இருக்கையில் உணரக்கூடிய மெல்லிய அதிர்வு அமேஸில் இல்லை. நகரத்துக்குள் மட்டும் ஓடும் காருக்கு, இந்த மூன்றில் எனது முதல் தேர்வு தயக்கமில்லாமல் அமேஸ் சிவிடிதான்.

விர்ட்டஸ் இங்கே இரண்டாவதாகத்தான் வருகிறது என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். கியர் மாறுவது தெரியாத அளவுக்குச் சீராக இருந்தாலும், டர்போ விழித்துக்கொள்ளும் புள்ளிக்குக் கீழே என்ஜின் சோம்பலாகவும், அதைத் தாண்டியதும் சட்டென வேகமெடுப்பதாகவும் இருப்பதால், ஊர்ந்து செல்லும் நெரிசலில் வலது காலுக்கு நிதானம் தேவைப்படுகிறது.

தாம்பரத்தைக் கடந்து, செங்கல்பட்டுப் பக்கம் சாலை திறந்துகொண்டதும் வரிசை தலைகீழாகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரு ஆம்னி பஸ்ஸின் பின்னால் சென்றுகொண்டிருக்கிறீர்கள், வலது வழித்தடம் காலியாகிறது என்று வைத்துக்கொள்வோம். விர்ட்டஸில் ஆக்சிலரேட்டரைப் பாதி அழுத்தினால் போதும்; ஒரு கியர் இறங்கி, பஸ்ஸைத் தாண்டி, வழித்தடம் திரும்பி, பேச்சு தடைபடாமல் பயணம் தொடர்கிறது. அமேஸில் முழுவதுமாக அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தியதும் என்ஜினின் சத்தம் முதலில் உச்சிக்குப் போய் அங்கேயே நிற்கிறது; வேகம் பிறகு சாவகாசமாக வந்து சேர்கிறது. இது பழுதல்ல, சிவிடியின் இயல்பு. மெல்ல ஓட்டுபவரிடம் இந்தச் சத்தம் வராது. அவசரக்காரருக்கு அமேஸ் ஏற்ற வண்டியும் அல்ல. டிசையர் ஏஎம்டி ஒரு கணம் தாமதித்துக் கியரை இறக்கினாலும், இறக்கிய பிறகு நேரடித் தொடர்புடன் இழுக்கிறது. ஆனால் 100ஐத் தாண்டிய பிறகு 82 பிஎஸ் என்பதன் எல்லை தெரிந்துவிடுகிறது. பழைய நான்கு சிலிண்டர் என்ஜின் கொடுத்த 90 பிஎஸ்ஸை ஓட்டியவர்கள், இந்த இடத்தில் அதை நினைத்துக்கொள்வார்கள்.

இங்கே டீசல் டிசையரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஃபியட்டிலிருந்து வந்த 1.3 லிட்டர் டீசல் என்ஜின் 75 பிஎஸ் மட்டுமே கொடுத்தாலும் 190 நியூட்டன் மீட்டர் டார்க் கொண்டிருந்தது. கால் டாக்சி ஓட்டுநர்கள் 'பிக்கப்' என்று இன்றும் ஏக்கத்துடன் சொல்வது அதைத்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. அந்த இழுவைக்குப் பழகிய கால்களுக்கு, இன்றைய 110, 112 எல்லாம் வெறுமையாகத்தான் தோன்றும். பெட்ரோலில் அதற்கு நெருங்கி வருவது டர்போ என்ஜின்தான். விர்ட்டஸின் 178ஐ அந்தப் பழைய டீசலின் வாரிசாகப் பார்க்கலாம், 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே அந்த டீசல் காட்டிய மந்தம் உட்பட.

மலைப்பாதையில் ஏற்றத்தைவிட இறக்கமே காரின் குணத்தைக் காட்டும். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, ஏஎம்டி வளைவின் நடுவில் தேவையில்லாமல் மூன்றாம் கியருக்குப் போய், வெளியேறும்போது மீண்டும் இரண்டுக்கு இறங்கத் தடுமாறுகிறது. மேனுவல் முறையில் இரண்டிலேயே பூட்டி வைத்துவிட்டால் டிசையர் உற்சாகமாக ஏறுகிறது. ஒரு டன்னைத் தொடாத அதன் எடை இங்கே பெரிய நன்மை. இறங்கும்போதும், சேலத்திலிருந்து தர்மபுரி செல்பவர்களும் அங்கிருந்து வருபவர்களும் அறிந்த தொப்பூர் கணவாயின் நீண்ட இறக்கத்திலும், அதே இரண்டாம், மூன்றாம் கியர் என்ஜின் பிரேக்காக நின்று உதவுகிறது. அமேஸை டி (டிரைவ்) நிலையிலேயே விட்டு இறங்கினால், வண்டி தடையில்லாமல் ஓட முற்படுவதால் முழுச்சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது. எஸ் (ஸ்போர்ட்) நிலைக்கு மாற்றியோ, உயர் வகைகளில் ஸ்டியரிங்கின் பின்னால் இருக்கும் பேடிலைப் பயன்படுத்தியோ விகிதத்தைக் குறைத்துக்கொண்டு இறங்க வேண்டும். சிவிடி வாங்கியவர்களில் பலர் அந்த எஸ்ஸை ஒருமுறைகூடத் தொடாமல் ஆண்டுகளை ஓட்டிவிடுகிறார்கள்.

வளைவுகளில் நிதானத்தைப் பொறுத்தவரை விர்ட்டஸ் வேறு வகுப்பு. 2,651 மில்லிமீட்டர் வீல்பேஸும் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) அகலமான டயர்களும் கொடுக்கும் பிடிப்பை, 2,450, 2,470 என்ற வீல்பேஸ் கொண்ட மற்ற இரண்டிடமும் எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஆனால் பஞ்சாயத்துச் சாலைக் குழிகளில் மெதுவாகப் போகும்போது விர்ட்டஸின் இறுக்கம் முதுகுக்குத் தெரிகிறது. அங்கே டிசையரின் மென்மையான சஸ்பென்ஷன் பின்னிருக்கைப் பெரியவர்களுக்கு இதமாக இருக்கிறது. தரையிடைவெளியில் டிசையர் 163, அமேஸ் 172, விர்ட்டஸ் 179 மில்லிமீட்டர். ஐந்து பேரும் நிறைந்த டிக்கியுமாகச் செல்லும்போது, எந்த அளவுக்கும் கட்டுப்படாமல் நம் தெருக்களில் முளைக்கும் வேகத்தடைகளை டிசையர் சற்றுக் குறுக்காகத்தான் ஏற வேண்டியிருக்கும்.

மைலேஜில் போட்டியே இல்லை. கம்பெனி அறிவிக்கும் கணக்கில் டிசையர் ஏஎம்டி லிட்டருக்கு 25.71 கிலோமீட்டர், அமேஸ் சிவிடி 19.46. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இந்த இடைவெளி சுமார் 150 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 15,000 ரூபாய். நெரிசலில் இரண்டு எண்களுமே சுருங்கிவிடும் என்பதால் கணக்கு சற்று மாறலாம். யார் முந்துவார் என்பது மாறாது. அமேஸின் மென்மைக்கு ஆண்டுதோறும் கட்டும் கட்டணமாக நான் இதைக் கருதுகிறேன். அலுவலகத்துக்குத் தினமும் இரண்டு மணி நேரம் நெரிசலில் போய் வருபவருக்கு அது மலிவு. மாதம் ஒருமுறை ஊருக்குப் போவதே பெரும்பகுதி ஓட்டம் என்பவருக்கு வீண்.

பாதுகாப்பில் மூன்றிலுமே ஆறு ஏர்பேக் உண்டு. டிசையரும் விர்ட்டஸும் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் பெற்றவை. 'மாருதி தகரம்' என்ற பழைய கேலி புதிய டிசையருக்குப் பொருந்தாது.

இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஆராவையும் இந்தப் பட்டியலில் சேர்க்க ஆசைதான். நான்கு சிலிண்டர் என்ஜினுடன் வரும் அதன் ஏஎம்டி, டிசையருடையதைவிட ஒரு பிடி சீரானது. ஆனாலும் ஏஎம்டியின் அடிப்படை இயல்பை அதுவும் தாண்டவில்லை என்பதால், அமேஸுக்கு அது மாற்றாகாது.

விர்ட்டஸின் விலை எட்டாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: புதிய அமேஸின் ஆன்ரோடு விலையோடு, சில ஆண்டுகள் ஓடிய விர்ட்டஸையோ அதே அடித்தளத்தில் உருவான ஸ்கோடா ஸ்லாவியாவையோ ஒப்பிட்டுப் பார்ப்பது. நெடுஞ்சாலைப் பயணமே அதிகம் என்றால் நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன். சர்வீஸ் பதிவேடு முழுமையாக இருக்கிறதா, வாரன்டி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. சொந்த ஊரில் சர்வீஸ் சென்டர் இல்லாதவர்கள் இந்த யோசனையையே விட்டுவிடலாம். தாலுகா தலைநகரம் வரை பரவியிருக்கும் மாருதியின் வலைக்கு முன்னால் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா இரண்டின் வலையும் சிறியது.

கிளட்ச் மிதிக்கச் சலிப்பில்லாதவர்களுக்கு மேலே சொன்ன வரிசை பொருந்தாது. மேனுவலில் அமேஸின் என்ஜின் கீழ் ஆர்பிஎம்மில் காட்டும் சோர்வை மறைக்க சிவிடி இல்லாததால், மேம்பாலம் ஏறும்போதுகூடக் கியரை இறக்க வேண்டியிருக்கிறது. டிசையர் மேனுவலோ மூன்றாம் கியரிலேயே ஏறிவிடுகிறது, கிளட்சும் இலகு, விலையும் ஏஎம்டியைவிடக் குறைவு. அவர்கள் டிசையரையே வாங்கலாம்.