மடு றோட்டுச் சாப்பாட்டுக்கடை: மீன் குழம்பும் கொஞ்சம் காண்டும்

மன்னார்ப் பக்கம், மடுச் சந்தியில் இருந்து மாதா கோயிலுக்குப் போகும் றோட்டில், தகரக் கூரையும் நாலு மேசையுமாக ஒரு சாப்பாட்டுக்கடை இருக்கிறது, பெயர்ப்பலகை கிடையாது. ஆவணித் திருவிழாவுக்குப் போனபோது அங்கேதான் சாப்பிட்டேன். குளத்து மீன் குழம்பு அருமை, புளியும் உறைப்பும் அளவு, மீன் உடையவில்லை. கத்தரிக்காய்ப் பால்கறியும் பரவாயில்லை. சொதி வெறும் தண்ணீர். கை கழுவுகிற இடத்தில் சவர்க்காரம் இல்லை. சோறு மட்டும் கேட்காமலே இரண்டாம் தரமும் போடுகிறார்கள்.

ஓகஸ்ட் 15 நெருங்கினால் மடு எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். காட்டுக்குள் கூடாரம் அடித்து லட்சக்கணக்கில் சனம், சைவக்காரர், சிங்களச் சனம் எல்லாரும்தான், தண்ணீர்ப் போத்தலில் தொடங்கி எல்லாம் விலை ஏறிவிடும். இங்கே ஏறவில்லை. பலகையில் சோக்கட்டியால் எழுதியிருந்தது ஆனி மாதம் பார்த்த அதே விலை. "ஏனக்கா, விலை கூட்டேல்லையோ?" என்று கடைக்கார அக்காவிடம் கேட்டேன். "கூட்டினா அடுத்த முறை ஆர் தம்பி வருவினம்?" என்றார், அகப்பையைக் கீழே வைக்காமலே.

ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1785இல் அறநெறியின் அடிப்படை பற்றி எழுதிய நூலில் இப்படி ஒரு கடைக்காரரைத்தான் உதாரணம் காட்டுகிறார். எல்லாருக்கும் ஒரே விலை, சின்னப்பிள்ளை போய் வாங்கினாலும் ஏமாறாது. நேர்மைதான், ஆனால் தன் யாவாரத்துக்காகச் செய்தால் அதற்கு அறப்பெறுமதி கிடையாது என்பார். அயலானை நேசி என்ற பைபிள் கட்டளையையும் அதே நூலில் தொடுகிறார்: உணர்ச்சியைக் கட்டளையிட முடியாது, கடமையாக நன்மை செய்வதைத்தான் கட்டளையிடலாமாம். அப்படிப் பார்த்தால் அக்கா பெயில்.

எனக்கு அது ஒட்டவில்லை. பைபிளில் லூக்கா 10ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் நல்ல சமாரியர் கதையை எடுங்கள், பிரசங்கத்தில் எப்போதும் சமாரியர்தான், சத்திரக்காரரை யாரும் கண்டுகொள்வதில்லை. வழியில் கள்ளரிடம் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கி வந்து அவரிடம் விட்டு, இரண்டு தெனாரியம் கொடுத்து (ஒரு தெனாரியம் அந்தக் காலத்து ஒருநாள் கூலி), மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சமாரியர் போய்விடுகிறார். சத்திரக்காரர் மனதில் அன்பு இருந்ததா, காசு மட்டும்தானா என்று இயேசு ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆள் கள்ளனாக இருந்திருந்தால், காசை வாங்கிக்கொண்டு காயக்காரனை வெளியே போட்டிருந்தால், சமாரியர் பட்ட பாடு முழுக்க வீண். அன்பு வைக்கிறவனுக்கும் நம்பி விட்டுப்போக ஒரு ஒழுங்கான கடை தேவைப்படுகிறது.

நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூடாரப் பக்கமிருந்து ஒரு பொடியன் ஆயிரம் ரூபாய்த் தாளோடு வந்தான். பார்சலைக் கொடுத்து, மிச்சக் காசை ஒவ்வொரு தாளாக அவன் கையில் வைத்து, "நீயும் எண்ணு" என்று எண்ண வைத்துத்தான் அனுப்பினார் அக்கா. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இதில் யாவாரம் எவ்வளவு, அன்பு எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

சுவரில் "அன்பு பொறுமையுள்ளது" என்று கொரிந்தியர் வசனம், அதற்கு நேர் கீழே "கடன் கேட்க வேண்டாம்". சமாரியருக்குக் கடன் சொல்ல முடிந்தது, இங்கே முடியாது, ஆகவே காசு கொண்டு போங்கள், காட் எடுக்க மாட்டார்கள். ஒரு மணிக்குப் பிறகு மீன் முடிந்துவிடும். ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்று சொதிக்கு.